அஞ்சு பத்துக் காபி

பேசக் கூடாது, போனைத் தொடக் கூடாது, பாக்கு மிட்டாய் எதையும் மெல்லக் கூடாது, கையைக் காலை ஆட்டக் கூடாது, சும்மா ஒரு மணி நேரம் படுத்துக் கிடங்க, மருந்து உடம்பெல்லாம் போய்ச் சேரட்டும் என்று சொல்லிவிட்டு ரெஜினா சிஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் காளீஸ்வரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சும்மா படுக்கிறதாமே! முப்பத்தெட்டு வயசில் இன்றைக்குத்தான் ஒரு புண்ணியவதி வந்து அவளைச் சும்மா படுக்கச் சொல்லியிருக்கிறாள், அதுவும் இம்புட்டுப் பெரிய மிசினைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு. சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. ஊசியை ஒரு கனத்த உலோக உறைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தாள் சிஸ்டர். போட்டு முடித்த கையோடு மூன்று எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். சாயங்காலம் வரைக்கும் சின்னப் பிள்ளைங்க பக்கத்துல போகாதீங்க, மாசமா இருக்கிறவங்க பக்கத்துல போகாதீங்க என்றாள். நான் அங்கன்வாடி டீச்சர் சிஸ்டர், என் பொழைப்பே அவுங்க ரெண்டு பேரும்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். பேசக் கூடாதே. முழுங்கிக்கொண்டாள். அந்த மருந்து ஒரு வகைச் சர்க்கரையாம். கெட்டது உடம்பில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம், மிசினில் பார்த்தால் பளிச்சென்று தெரியுமாம். கர்ப்பப்பை வாயில் மட்டும் தெரிந்தால் நல்லது என்று சொன்னார்கள். வேறு எங்கேயாவது தெரிந்தால் என்று ஆரம்பித்து, அதுக்குத் தகுந்த மாதிரி யோசிக்கணும்மா என்று முடித்துவிட்டார்கள் டாக்டரம்மா. யோசிக்கணுமாமே. என்னத்த யோசிக்கிறது, யாரு யோசிக்கிறது, யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் இருப்பேனா, அதைச் சொல்லு தாயி முதல்ல.

ஏசி எலும்புக்குள் இறங்கியது. கொடுத்திருந்த கம்பளி முழங்கால் வரைக்கும்தான் எட்டியது, இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் கையை ஆட்டக் கூடாது. போன சனிக்கிழமை இதே மதுரை ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சொன்னதை அவள் இதுவரைக்கும் நூறு தரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு தரமும் முதல் தரம் கேட்கிற மாதிரியே இருக்கிறது. உங்களுக்கு கர்ப்பப்பை வாயிலதான் கட்டி இருக்கு, ஆனா அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இல்லம்மா. அதெப்படி? வீடு இதுதான், ஆனா வீட்டுக்காரன் வேறன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு. ஆமா, அப்படித்தான் வச்சுக்கங்களேன் என்று டாக்டரம்மா சிரித்தார்கள். இது ரத்த அணுவுல வர்ற வகை. கழுத்துல, அக்குள்ல நெறி கட்டுமில்ல, அந்த இடத்துல வர வேண்டியது. லிம்போமான்னு பேரு. அபூர்வமா இந்த இடத்துல வந்து உக்காந்துருக்கு. இந்த இடத்துல நானே இதுவரைக்கும் ரெண்டு பேருக்குத்தான் பார்த்திருக்கேன். கத்தி வேண்டாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம். இருபத்தொரு நாளைக்கு ஒருதரம் டிரிப்ஸ்ல மருந்து, ஆறு தடவை, கரைஞ்சிரும். முடி கொட்டும், திரும்ப முளைக்கும். கரைஞ்சிரும் என்று சொல்லும்போது அந்தம்மா விரலைத் தண்ணீரில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார்கள். காளீஸ்வரிக்கு அழுகை வரவில்லை, சந்தோசமும் வரவில்லை. பத்து நாளாக எடுக்கப்போறாங்க எடுக்கப்போறாங்க என்று உள்ளுக்குள்ளே பிடி தளர்ந்துபோயிருந்த ஒன்றை, வேண்டாம், நீயே வச்சுக்கோ என்று திருப்பிக் கையில் கொடுத்தால் எப்படி வாங்கிக்கொள்வது? வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றி அவள் பார்த்ததே அன்றைக்குத்தான்.

இந்த அறையில் கடிகாரம் இல்லை. அதனாலென்ன, அவளுக்குள்ளே ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருசமாக டைம் கீப்பராக இருக்கிற மனுசனுக்குப் பெண்டாட்டியாக இருந்தால் அப்படித்தான். எட்டு இருபது, திருச்சுழி வண்டி. எட்டு முப்பத்தஞ்சு, கமுதி. எட்டு அம்பதுக்குத் தூத்துக்குடி வண்டி வரும், அஞ்சு நிமிசம் நிற்கும். அவர் சோறு கேட்கிறதே அப்படித்தான், பந்தல்குடி வண்டி போயிருச்சு, இன்னும் தட்டு வைக்கலையா. சனியன், அந்தக் காலத்தில் எரிச்சலாக வரும், இப்போது இதை வைத்துத்தான் நேரத்தைத் தள்ளவேண்டியிருக்கிறது. ஊசி போட்டது எட்டு அஞ்சுக்கு. திருச்சுழி வண்டி போயிருக்கும். கை போகிறது. போகாதே, போகாதே. இடது தாடைக்குக் கீழே. நேற்றுக் குளிக்கும்போது தட்டுப்பட்டது, ஒரு பட்டாணி அளவு, உருண்டது, நழுவியது. சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள், பிருந்தா கதவைத் தட்டி, எம்மா பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று கத்துகிறவரைக்கும். கழுத்துல, அக்குள்ல வர வேண்டியது என்றார்களே. வந்துருச்சோ? வந்துட்டியா தாயி நீயி? யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சிஸ்டர் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வேற எங்கயாச்சும் கட்டி தெரியுதாம்மா என்று கேட்டபோதும் இல்ல சிஸ்டர் என்று சொல்லிவிட்டாள். வாய் தானாகச் சொன்னது. இந்த வாய் இருக்கிறதே, இதுக்கு மறைக்கிறதுதான் தெரியும். மிசினிடம் மறைக்க முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பட்டாணி பளிச்சென்று எரியப் போகிறது, எல்லாரும் பார்க்கப் போகிறார்கள்.

எட்டு மாதம் மறைத்தவள்தானே. பொங்கல் கழிந்த வாரம், அவரோடு படுத்து எழுந்த மறுநாள் காலையில் சேலையில் கறை. தேதி இல்லையே என்று நினைத்தாள், பிறகு சூடு என்று நினைத்தாள். எல்லாம் சூடுதான் நமக்கு! கண் எரிந்தால் சூடு, இடுப்பு வலித்தால் சூடு, வெள்ளை பட்டால் சூடு, ரத்தம் பட்டால் பெரிய சூடு. வெந்தயத்தை ஊறப்போட்டு விழுங்கினாள், மோர் குடித்தாள், வெள்ளிக்கிழமை தவறாமல் தலையில் விளக்கெண்ணெய் வைத்தாள், கறிக்கோழியை நிறுத்தினாள். அங்கன்வாடிச் சுவரில் சத்துமாவு மூட்டைக்கு மேலே ஒரு நோட்டீஸ் இருக்கிறது, அவளே பசை காய்ச்சி ஒட்டியது. மாதவிலக்கு அல்லாத நாளில் ரத்தம் வந்தால், உறவுக்குப் பின் ரத்தம் வந்தால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாதத்துக்கு ஒருதரம் தாய்மார்களை உட்காரவைத்து அதைக் குரல் உயர்த்தி வாசிப்பாள். ஏம்மா வாயப் பொத்திச் சிரிக்கீக, இதுல என்ன வெக்கம், உடம்புதான என்று அதட்டுவாள். பிப்ரவரியில் வாசித்தாள், மார்ச்சில் வாசித்தாள், ஏப்ரலில் வாசிக்கும்போது உள்பாவாடை நனைந்துகொண்டிருந்தது. வாசித்து முடித்து, பிள்ளைகளை எடை போட்டு, நோட்டில் எழுதி, பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வெந்தயத்தை ஊறப்போட்டாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா?

மே மாதம் கர்ப்பப்பை வாய்ச் சோதனை முகாம் போட்டார்கள். டீச்சரே முதல்ல போனாத்தான் மத்த பொம்பளைக வருவாங்க என்று மேலதிகாரி சொல்லவும் போய்ப் படுத்தாள். சுரண்டி எடுத்தார்கள். ரிப்போர்ட் நார்மல். ஐயோ, அன்றைக்கு இருந்த சந்தோசம்! கேசரி கிண்டினாள். எதுக்குடி கேசரி என்று கேட்டவருக்குச் சும்மாத்தாங்க என்றாள். அந்தக் கேசரி நெஞ்சில் இப்போது புளிக்கிறது. சனிக்கிழமை டாக்டரம்மா சொன்னார்கள், சுரண்டினது தப்பு இல்லம்மா, மேல தோலு நல்லாத்தான் இருக்கும், இந்த வகை தோலுக்குக் கீழ உக்காந்துக்கிடும், சுரண்டினா கிடைக்காது, ஆழமா வெட்டி எடுத்தாத்தான் மாட்டும். அவளைப் போலவே ஒரு நோய். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகஸ்டில் அங்கன்வாடியிலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் விருதுநகருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே ஒரு நர்சிங் ஹோமில் கட்டி இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு துளிச் சதை எடுத்து, கேன்சர்தான், பொல்லாத வகை மாதிரி தெரியுது, உடனே கர்ப்பப்பையை எடுத்துரலாம் என்றார் சர்ஜன். சதையைப் பார்த்த லேப் டாக்டர் சின்னப் பெண், அந்தச் சதை நசுங்கிக் கிடக்கு சார், என்ன வகைன்னு சாயம் ஏத்திப் பார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருக்கேன், பத்து நாள் பொறுங்க என்றதாம். பத்து நாள்ல அது பரவிட்டா நீ பொறுப்பா என்றாராம் சர்ஜன். புதன்கிழமை ஏழரைக்கு ஆபரேசன் என்று நாள் குறித்துவிட்டார்கள். இதையெல்லாம் அந்த நர்சிங் ஹோம் ஆயாதான் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

கமுதி வண்டி போயிருக்கும். தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பச்சைத் தண்ணி மட்டும், பாட்டில் பக்கத்தில் இருக்கிறது. எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். காலையில் உள்ளே நுழையும்போதே சிஸ்டர் கேட்டது, சாப்பிட்டீங்களா, காபி, டீ, ஹார்லிக்ஸ், மிட்டாய்? இல்ல சிஸ்டர், சத்தியமா எதுவுமே இல்ல. சத்தியம் எதற்கு? அந்தம்மாவுக்கு என்ன தெரியும் அவள் ஏன் சத்தியம் பண்ணுகிறாள் என்று. அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்து, சார் இதை அவுங்க தலைமாட்டுல ஒட்டிருங்க என்றது. வாய் வழியாக எதுவும் கூடாது என்று கொட்டை எழுத்து. அவர்தான் ஒட்டினார். நாலு மூலையிலும் பிளாஸ்திரி, கோணாமல், பஸ் ஸ்டாண்டில் கால அட்டவணை ஒட்டுகிற சுத்தம். பத்து மணி அடித்ததும் தண்ணி பாட்டிலைக்கூட எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். விதி என்று ஒன்று இருந்தால் அதை அவர்தான் கண்டுபிடித்தது மாதிரி நடந்துகொள்வார், கண்டக்டர்களெல்லாம் பல்லைக் கடிப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆள் மறுநாள் விடிகாலையில் வெளியே போய்விட்டு வந்தார், கையில் பேப்பர் கப். காபி. கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தார். மணி அஞ்சு பத்து என்று சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், ஏற்கெனவே மடித்திருந்த போர்வையை உதறி மறுபடி மடித்தார். பதினாறு வருசத்தில் அந்த மனுசன் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்ததில்லை. பயத்தில் புத்தி பேதலித்துப்போச்சு இவருக்கு, மறந்துட்டாரு என்று நினைத்தாள். தலையைத் திருப்பினாள். தாள் இருந்தது. வாய் வழியாக எதுவும் கூடாது. படித்தாள், நிதானமாக, தாய்மார்களுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. பிறகு கப்பை எடுத்துக் குடித்தாள். சீனி தூக்கலாக இருந்தது. அடி வரைக்கும் குடித்தாள்.

தெரியாமல் குடிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் தெரியாமல்தான் குடிப்பார்கள், வெறும் வயிறு என்றால் சோறு திங்கக் கூடாது, காபி எல்லாம் ஒரு சாப்பாடா என்பார்கள், அவள் அங்கன்வாடிக்கு ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தான், வெறும் வயிறுதான் டீச்சர், ஒரு காபி மட்டும்தான். அவள் அப்படி இல்லை. பயந்துபோய்க் குடித்தாள். வெட்டி எடுத்துவிடுவார்களே, மயக்கம் தெளியாமலே போய்விட்டால் பிருந்தாவுக்கு யார் தலை சீவி விடுவது, இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிப்போகட்டும் என்று குடித்தாள். ஏழேகாலுக்கு மயக்க டாக்டர் வந்து, காலையில எதுவும் சாப்பிடலையே என்று கேட்டு முடிக்கும் முன்னாலேயே, ஒரு காபி மட்டும் சார் என்றாள். எவ்வளவு அப்பாவியாகச் சொன்னாள்! அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. யாருய்யா காபி குடுத்தது? கூரை பறந்தது. மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா செத்துருவாங்கய்யா, படிச்சவர்தான நீங்க, கண்ணு தெரியாதா, தலைமாட்டுல இம்புட்டுப் பெருசா ஒட்டியிருக்கே! அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். தப்புத்தான் சார் என்றார். அவ்வளவுதான். நாத்தனார் சுப்புத்தாய் தன் பங்குக்கு, ஏன்டா கூறுகெட்டவனே, பஸ்ஸுக்கு நேரம் பாக்கத் தெரியுது, பொண்டாட்டிக்குப் பாக்கத் தெரியலையாடா என்று நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினாள். காளீஸ்வரி போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். நான் படிச்சுட்டுத்தான் குடிச்சேன் என்று ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை சொன்னாளா பாவி? ஆபரேசனைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினார்கள்.

சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து அந்தச் சாய ரிப்போர்ட் வந்தது. லேப் பெண்தான் ஓடி வந்து சொன்னது, மதுரைக்குப் போங்க, அங்க பெரிய டாக்டரம்மா இருக்காங்க, ஆபரேசன் வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று. அன்றைக்குச் சாயங்காலமே மதுரையில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து சுப்புத்தாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், மாரியாத்தாதான் காபி ரூபத்துல வந்தா, என் தம்பி கையில குடுத்துவிட்டா என்று. அதே வாய்! திட்டினதும் அதுதான், சாமியாக்கினதும் அதுதான். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். காளீஸ்வரியால் முடியவில்லை. வேறு வகையாக இருந்திருந்தால்? அந்த சர்ஜன் சொன்ன வகையாகவே இருந்து, ஒவ்வொரு நாளும் பரவிக்கொண்டிருந்திருந்தால்? அப்போதும் குடித்திருப்பாள். திங்கட்கிழமையும் குடித்திருப்பாள். தள்ளித் தள்ளி, வெந்தயம் ஊறப்போட்டு ஊறப்போட்டு, ஒரு நாள் பாடையில் படுத்திருப்பாள், அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தப்புத்தான் சார் என்று நின்றிருப்பார். நல்லது நடந்தது அவள் சாமர்த்தியத்தினால் இல்லை. அவள் செய்தது கோழைத்தனம், வாய்த்தது அதிர்ஷ்டம், பழி மட்டும் அந்த மனுசனுக்கு. கை மறுபடி தாடைக்குப் போனது, இந்தத் தரம் தடுக்கவில்லை, தொட்டுவிட்டாள். இருக்கிறது. நேற்றைவிடப் பெரிசோ? விடு, விடு. கதவு திறந்தது. தூத்துக்குடி வண்டி போய்ப் பத்து நிமிசம் ஆகியிருக்கும். எந்திரிங்கம்மா, பாத்ரூம் போயிட்டு வந்துருங்க என்றாள் ரெஜினா சிஸ்டர்.

சிஸ்டர் என்றாள் காளீஸ்வரி. காலையில இல்லைன்னு சொன்னேன், இருக்கு, இங்க ஒரு கட்டி, நேத்துல இருந்து. சிஸ்டர் திட்டவில்லை. சரிம்மா, எழுதிக்கிடுறேன் என்று தாளை எடுத்து எழுதினாள், அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கா ஒரு ராத்திரி முழுக்கச் செத்தோம்? மிசின் பெரிய வளையமாக இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கச் சொன்னார்கள். பலகை தானாக நகர்ந்து உள்ளே போனது, நின்றது, கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. மூச்சை இயல்பா விடுங்க என்று ஒலிபெருக்கியில் யாரோ சொன்னார்கள், அப்படிச் சொன்ன பிறகு எவளால் இயல்பாக விட முடியும்? உள்ளே எங்கெங்கே எரிகிறதோ. கழுத்தில் எரிகிறதோ, அக்குளில் எரிகிறதோ, வயிறெல்லாம் கார்த்திகை விளக்காட்டம் எரிகிறதோ. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்கள் இந்நேரம் பார்த்திருப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியாது. தோள் மரத்துப்போனது. பிருந்தா இப்போது இரண்டாவது பீரியடில் இருப்பாள், கணக்கு. வெளியே வந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது சிஸ்டர் வேகமாக வந்தாள். அம்மா, இன்னொருதரம் பாத்ரூம் போயிட்டு வாங்க, இடுப்புப் பக்கம் மட்டும் திரும்ப எடுக்கணும், டாக்டர் சொல்றாரு. காளீஸ்வரி சேலையை விட்டுவிட்டுத் திரும்பினாள். ஏன் சிஸ்டர்? ஒண்ணுமில்லம்மா, மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா மறைக்கும், எல்லாருக்கும் எடுக்கிறதுதான். எல்லாருக்கும் எடுக்கிறதுதான், எல்லாருக்கும் எடுக்கிறதுதான் என்று சொல்லிக்கொண்டே போனாள், சொல்லிக்கொண்டே படுத்தாள், அதை ஒரு சொட்டுக்கூட நம்பவில்லை.

முடிந்தபோது அந்த ஸ்கேன் டாக்டரே வெளியே வந்தார், வழுக்கைத் தலை, கையில் பாதி கடித்த பிஸ்கட். தீர்ந்தது, டாக்டரே எழுந்து வருகிறார் என்றால் தீர்ந்தது என்று நினைத்தாள். அவர் கேட்டார், உங்களுக்கு இடது பக்கம் கீழ்ப்பல்லு சொத்தையாம்மா? காளீஸ்வரி விழித்தாள். என்ன கேட்கிறார் இந்த மனுசன்? பல்லு, பல்லு, கடைவாய்ப் பல்லு. ஆமா சார், ரெண்டு வருசமா, கிராம்பு வச்சுக்கிடுவேன். அவர் தலையை ஆட்டினார். பல்லுல சீழ் பிடிச்சிருக்கு, அதுக்குத்தான் அந்த நெறி கட்டியிருக்கு போல. மத்தபடி நான் பார்த்த வரைக்கும் இருக்கிற இடத்துலதாம்மா இருக்கு, வேற எங்கயும் இல்ல. முழு ரிப்போர்ட் நாளைக்கு உங்க டாக்டர் சொல்லுவாங்க, பல்லைப் பத்தியும் மறக்காம அவங்ககிட்ட சொல்லுங்க. பிஸ்கட்டின் மீதியை வாயில் போட்டுக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொத்தைப் பல்லு. இருக்கிற இடத்துலதான். வேற எங்கயும் இல்ல. கும்பிட வேண்டும் என்று தோன்றியது, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் மூடின கதவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சங்கரபாண்டியன் வராந்தாக் கடைசியில் பெஞ்சில் இருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு சிஸ்டர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தவராக நாலு எட்டுப் பின்னால் போய் நின்றார். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும்தான் அது, இவருக்கு இல்லை, ஆனால் விதி என்று காதில் விழுந்துவிட்டால் இவர் தள்ளித்தான் நிற்பார். பெஞ்சின் நடுவில் ஒரு பேப்பர் கப் இருந்தது, ஆவி வந்தது. பத்து நாப்பதுக்கு முடியும்னு சொன்னாங்க, பத்து முப்பத்தெட்டுக்கு வாங்கினேன் என்றார். வேற எங்கயும் இல்லையாம் என்றாள் அவள். அவர் வாய் கோணிக்கொண்டு போனது, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள், கப்பை எடுத்தாள், குடிக்கவில்லை.

"இந்தா பாருங்க, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் தெரியாமக் குடிக்கல. தலைமாட்டுல இருந்த தாளைப் படிச்சுட்டுத்தான் குடிச்சேன். பயமா இருந்துச்சு. உங்களை எல்லாரும் அந்தப் பேச்சு பேசும்போது வாய மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

அவர் துண்டை மடித்தார். இரண்டாக, நாலாக, எட்டாக. "அந்தத் தாளை ஒட்டினதே நான்தான காளி" என்றார்.

வராந்தாவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அஞ்சு பத்து. மடித்த போர்வையை மறுபடி மடித்த கை. முகத்தைப் பார்க்காத முகம். தப்புத்தான் சார்.

"லேப்புல அந்தப் பிள்ள பத்து நாள் பொறுங்கன்னு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு" என்றார், அவளைப் பார்க்காமல், வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு. "சர்ஜன்கிட்ட எதுத்துப் பேசத் தைரியம் வரல. ஆபரேசனுக்குச் சம்மதம்னு தாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன். நான் கையெழுத்துப் போட்டா வண்டி போயிரும்ல, பதினாறு வருசமா அதுதான எனக்குத் தெரியும். போட்டதுக்கப்புறம் நிறுத்த வேற வழி தெரியல, காபியை வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா தாளைப் பார்த்துட்டு நீ குடிக்க மாட்டேன்னுதான் நினைச்சேன். நீ குடிச்சதும் எனக்கு உசுரே போயிருச்சு."

திட்டலாமா, அழலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கோழைகள், ஒரு கப் காபி. இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பத்து நாள் பொறுத்தா என்ன சார் என்று. கேட்கவில்லை. காபியை ஒரு மடக்குக் குடித்தாள், சீனி தூக்கலாகத்தான் இருந்தது. இடது பக்கம் பல் விண்ணென்று தெறித்தது.

"வியாழக்கிழமை முத மருந்து" என்றாள். "அன்னைக்கு எதையும் நிறுத்தாதீங்க. எனக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுவேன். நீங்களும் சொல்லுங்க."

"ம்" என்றார் அவர். மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "இப்பவே இருக்கு" என்றார்.

"எனக்கும்தான். தள்ளி நிக்காதீங்க, வாங்க, இங்க வந்து உக்காருங்க."